உதறும் லாரியும் தீப்பொறியின் நேரமும்



மும்பையிலிருந்து புனே செல்லும் வழியில், கண்டாலா மலையேற்றத்தில் நின்றுவிட்ட ஒரு பழைய பெட்ரோல் லாரியைப் பார்வையிட நேர்ந்தது. வண்டி நிற்கையில் எஞ்சின் உதறுகிறதென்று, முந்தின நாள் அதன் ஓட்டுநர் டிஸ்டிரிபியூட்டரைச் சற்றே திருப்பி வைத்தாராம். உதறல் அடங்கிற்று. ஆனால், பாரத்துடன் மலையேறுகையில் எஞ்சின் 'டங் டங்' என்று இடித்தது. முடிவில் ஒரு பிஸ்டன் ஓட்டையாயிற்று. தீப்பொறி உரிய நேரத்திற்கு முன்னரே தோன்றியமையே காரணம்.

டைமிங்கை முன்தள்ளினால் 'ஸ்லோ' ஓட்டம் விரைவுபடும். உண்மைப் பழுது மறையுமேயன்றித் தீராது. ஆகையால் அதில் முதலிற் கை வைத்தல் ஆகாது.

ஆறு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 600 முறை சுழல்கையில் 1,800 தீப்பொறிகள் தேவைப்படுகின்றன. ஒரு சிலிண்டர் தவறினாலும் வண்டி உதறும். எஞ்சின் ஓடும்போது, உலர்ந்த மரப்பிடியுள்ள திருப்புளியால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் எஞ்சின் உடலோடு இணைத்துப் பாருங்கள். ஓட்டம் தளர்ந்தால் அந்தச் சிலிண்டர் நன்றாக உள்ளது. மாறுதலே இல்லையேல் பழுது அங்கேதான்.

எல்லாச் சிலிண்டர்களும் ஒருபோல் தடுமாறினால், எஞ்சின் சூடேறுமுன் இன்டேக் மானிபோல்டின் கேஸ்கெட் ஓரத்தில் சில துளி எண்ணெய் விடுங்கள். ஓட்டம் மாறினால் அவ்வழியே காற்றுப் புகுகிறது என்று அறியலாம்.

அடுத்தது பாயிண்ட். அதன் இடைவெளி பொதுவாக ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 முதல் 20 பங்கு. எனினும் வண்டியின் கையேடு கூறும் அளவே முடிவானது. பாயிண்டின் குதிப்பகுதி தேயத் தேய இடைவெளி குறையும், தீப்பொறி தாமதிக்கும், எஞ்சின் வலுவிழந்து சூடேறும். இடைவெளியைத் திருத்தினால் டைமிங்கும் உடன் மாறும். எனவே பாயிண்டைச் சரிசெய்த பின்னரே டைமிங் விளக்கை எடுக்க வேண்டும். வாக்குவம் குழாய் இருப்பின், அப்போது அதைக் கழற்றி வாயை அடைத்து வையுங்கள். கார்புரேட்டரின் திருகைத் தொடுவது எல்லாவற்றிற்கும் கடைசி.

சொந்த ஊரை விட்டுத் தொலைவில் வண்டியை நம்பிப் பிழைப்பவருக்கு, ஒரு பிஸ்டன் போவது பல நாள் வருவாய் போவதாகும். இந்த வரிசையில் சோதிக்க ஒரு மணி நேரம் செலவானாலும் அது வீணன்று.