வீட்டுத் தையலும் கம்பளிப் பின்னலும்

தமிழர்க்குத் தொன்றுதொட்டு உரிய உடைகளுள் பெரும்பாலானவை ஊசியை அறியாதவை. வேட்டியும் மேல்துண்டும் சேலையும் தறியிலிருந்து இறங்கியபடியே உடலில் ஏறுபவை. அவற்றை வெட்டவும் வேண்டுவதில்லை, தைக்கவும் வேண்டுவதில்லை. நம் பாட்டிமாரின் தையற்கலை வேறிடத்தில் விளங்கிற்று. ஈர்க்கைக் கிள்ளி, இலைகளை ஒன்றோடொன்று இணைத்து, விருந்துக்கு வேண்டிய தையல் இலைகளை ஒரே அமர்வில் நூற்றுக்கணக்கில் தைத்து அடுக்கியவர்கள் அவர்கள். கிழிசலுக்கு ஒட்டுப் போட்டதும் அந்தக் கைகளே.

வெயில் மிகுந்த நாட்டுக்கு அவ்வளவு போதும். சென்னையில் மார்கழி மாதத்து இரவிலும் வெப்பநிலை ஏறத்தாழ 20 டிகிரியில் நிற்கிறது. டில்லியிலோ டிசம்பர், ஜனவரி மாதங்களில் 5 டிகிரிக்கும் கீழே இறங்கும் இரவுகள் உண்டு. ஆகவே, உத்தியோக நிமித்தம் வடக்கே வந்து குடியேறும் தமிழ்க் குடும்பம் முதற் குளிர்காலத்திலேயே ஓர் உண்மையை உணர்ந்துகொள்கிறது. சமையலும் கோலமும் பாட்டும் தாய்வீட்டிலிருந்து கூடவே வந்திருக்கின்றன. குளிருக்கு உடை செய்யும் திறன் மட்டும் வரவில்லை. அதை இங்கேதான் கற்றாக வேண்டும்.

அதை நமக்குக் கற்பித்தவர்கள் யார்? விடுதலைக்குப் பின்வந்த ஆண்டுகளில் கரோல்பாக், லோதி காலனி, பின்னர் ராமகிருஷ்ணபுரம் முதலிய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பெருகின. அண்டை வீடுகளில், 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையால் உடைமைகளை இழந்து, மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் பலர் வாழ்ந்தனர். அவர்களுள் எத்தனையோ பெண்கள் தையல் இயந்திரத்தையும் பின்னல் ஊசியையும் கொண்டு குடும்பத்தை நிலைநிறுத்தியவர்கள். குளிர்கால நண்பகலில், வெயில் விழும் முற்றத்தில் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு, வேர்க்கடலையும் ஆரஞ்சும் நடுவில் இருக்க, அவர்கள் பேசிக்கொண்டே பின்னுவார்கள். கண் பேசுபவர் முகத்தில் இருக்கும். கை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். “பெஹன்ஜி” என்று அழைத்து அருகில் அமர்ந்த நம் வீட்டுப் பெண்கள், மொழியைக் கற்குமுன்பே பின்னலைக் கற்றுக்கொண்டார்கள்.

ஆகையால் இத்தொழிலின் சொற்கள் நம் வீடுகளில் இந்தியிலேயே வழங்குகின்றன. ஊசி ‘ஸலாயி’, கம்பளி நூல் ‘ஊன்’, ஊசியில் ஏறும் நூல் வளையம் ‘ஃபந்தா’. நேராகப் பின்னுவது ‘ஸீதா’. மறித்துப் பின்னுவது ‘உல்டா’. சீதா என்ற ஒலி கேட்டதும் சனகன் மகளை நினைத்த நம்மவர்க்கு, அது ‘நேர்’ என்று பொருள்படும் சொல் என்பது விளங்கச் சில நாட்கள் சென்றிருக்கக் கூடும். ‘ஃபந்தா’ என்னும் சொல்லுக்குச் சுருக்கு, வலைக்கண்ணி என்ற பொருள்கள் உண்டு. தமிழிலும் ‘கண்ணி’ என்பது சுருக்கையே குறிக்கும். எனவே அதைக் கண்ணி என்றே சொல்லலாம். நேர்க்கண்ணி, மறிகண்ணி என்று இரண்டையும் பிரித்து வழங்கலாம்.

பின்னல் நமக்கு முற்றிலும் அயலானது என்று எண்ணவும் வேண்டுவதில்லை. நாள்தோறும் நாம் அணியும் திருப்பூர்ப் பனியனை ஒரு பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பாருங்கள். அது நெய்த துணியன்று. பாவும் ஊடையுமாக இரு நூல்கள் குறுக்கிட்டுச் செல்லாமல், ஒரே நூல் வளைந்து வளைந்து, ஒரு வளையத்துக்குள் மற்றொரு வளையமாக இழுக்கப்பட்டிருக்கும். லூதியானாவின் கம்பளி ஸ்வெட்டரும் இதே அமைப்புடையது. இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் 1589-ஆம் ஆண்டு காலுறை பின்னும் பொறியை அமைத்தபோது, இரண்டு ஊசிகளால் கை செய்துவந்த வேலையையே பொறிக்குக் கற்பித்தார். வளையங்கள் நெகிழ்ந்து கொடுப்பதால் பின்னல் துணி இழுபடுகிறது, விட்டால் மீள்கிறது. வளையங்களுக்கு இடையே தங்கும் காற்று உடலின் வெப்பத்தை வெளியே விடாமல் காக்கிறது. ஸ்வெட்டர் தரும் சூட்டில் பெரும்பங்கு இந்தக் காற்றுக்கே உரியது.

கற்கத் தொடங்குவோர் கழுத்துக்குச் சுற்றும் மஃப்ளரில் தொடங்குவது நல்லது. எல்லா வரிசைகளையும் நேர்க்கண்ணியாகவே பின்னினால் துணி சுருண்டுகொள்ளாமல் தட்டையாகக் கிடக்கும். கை பழகியபின் ஒரு வரிசை நேராகவும் மறு வரிசை மறித்தும் பின்னலாம். பனியனைப் போன்ற வழவழப்பான முகம் தோன்றும், ஆனால் ஓரம் சுருளும். ஸ்வெட்டரின் இடுப்பிலும் மணிக்கட்டிலும் இரண்டு நேர், இரண்டு மறி என்று மாற்றிப் பின்னினால் அந்த ஓரம் ரப்பரைப் போலப் பிடித்துக்கொள்ளும். நம் கடைகளில் விற்கும் ஊசிகளில் எண் ஏற ஏறக் கனம் குறையும் என்பதை நினைவிற் கொள்க. 8-ஆம் எண் ஊசி 4 மில்லிமீட்டர். 10-ஆம் எண் 3.25 மில்லிமீட்டர். உடற்பகுதிக்கு 10-ஆம் எண்ணும், ஓரத்துக்கு அதனினும் மெல்லிய 12-ஆம் எண்ணும் கொள்வது வழக்கம்.

பின்னலில் பலர் தவறுவது விரலில் அன்று, கணக்கில். ஸ்வெட்டர் தொடங்குமுன் அதே நூலால், அதே ஊசியால் ஒரு சிறு சதுரம் பின்னி, 10 சென்டிமீட்டர் அகலத்தில் எத்தனை கண்ணிகள் உள்ளன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். குழந்தையின் மார்புச் சுற்றளவு 60 சென்டிமீட்டர் என்று கொள்வோம். தாராளமாக இருக்க 5 சென்டிமீட்டர் கூட்டினால் 65. முன்புறம் ஒன்றுக்கு அதில் பாதி, 32.5. பத்துச் சென்டிமீட்டரில் 24 கண்ணிகள் இருக்குமானால் 78 கண்ணிகள் ஏற்ற வேண்டும். ஆனால் சிலர் நூலை இறுக்கிப் பிடிப்பவர்கள். அவர்கள் பின்னலில் அதே அகலத்தில் 27 கண்ணிகள் அமையும். அவர்களும் புத்தகத்தைப் பார்த்து 78 ஏற்றினால், ஸ்வெட்டரின் முழுச் சுற்றளவு 58 சென்டிமீட்டருக்கும் குறைந்துவிடும். அது குழந்தையின் மார்பைவிடச் சிறிது. ஒரு மாத உழைப்பைக் காப்பது அந்த அரைமணி நேரச் சதுரமேயாம்.

நூல் வாங்கும்போதும் இரண்டு செய்திகளைக் கருத வேண்டும். ஒரே சாயத்தொட்டியில் தோய்ந்த நூலை, வேண்டிய அளவு முழுவதும் ஒரே தடவையில் வாங்குவது நன்று. பிறகு வாங்கும் நூல் நிறத்தில் சற்றேனும் வேறுபடும். அடுத்தது, கம்பளி என்ற பெயரில் விற்பனையாவதெல்லாம் கம்பளி அன்று. ஒரு சிறு துண்டு நூலை இடுக்கியால் பிடித்து எச்சரிக்கையுடன் தீயில் காட்டினால், ஆட்டு மயிரால் ஆன நூல் தலைமயிர் கருகும் நாற்றத்துடன் எரிந்து, விரலுக்கு நொறுங்கும் சாம்பலாகும். அக்ரிலிக் எனப்படும் செயற்கை நூல் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாகும். செயற்கை நூல் தாழ்ந்தது என்று சொல்வதற்கில்லை. அது மலிவு, துவைக்க எளிது. ஆயினும் விலை கொடுப்பவர் எதற்குக் கொடுக்கிறோம் என்று அறிந்து கொடுக்க வேண்டும். உண்மைக் கம்பளியை வெந்நீரில் அலசிக் கசக்கினால் இழைகளின் மேலுள்ள செதில்கள் ஒன்றோடொன்று சிக்கிச் சுருங்கிவிடும். அதைக் குளிர்ந்த நீரில் மெல்ல அமுக்கி எடுத்து, நிழலில் தட்டையாக விரித்து உலர்த்த வேண்டும்.

ஹோலி கழிந்ததும் கம்பளி, அழுக்கு நீங்கத் துவைக்கப்பட்டுப் பெட்டிக்குள் செல்கிறது. பருத்தி வெளியே வருகிறது. அப்பொழுது பின்னல் ஊசிக்கு ஓய்வு. தையல் ஊசிக்கு வேலை. வெளிமாநிலத்தில் வாழும் நம் பெண்கள், நம் ஊர் முறையில் ரவிக்கை தைத்துத் தரும் தையற்காரரைத் தேடி அலைவது கண்கூடு. பெருநகரங்களில் ரவிக்கைத் துணியின் விலையைத் தையற்கூலி விஞ்சி நிற்பதும் வியப்பன்று. இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. உடலுக்கு நன்கு பொருந்தி, இப்பொழுது நைந்துபோன பழைய ரவிக்கை ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்து, துண்டுகளை இஸ்திரி போட்டுச் செய்தித்தாளின்மேல் வைத்து வரைந்துகொண்டால், அந்தக் காகிதமே பல ஆண்டுகளுக்கு அளவாகப் பயன்படும்.

வெட்டுமுன் பருத்தித் துணியையும் உள்துணியையும் ஓர் இரவு நீரில் ஊறவைத்து உலர்த்த வேண்டும். சுருங்க வேண்டியது அப்பொழுதே சுருங்கிவிடட்டும். துணியின் பாவு உடலின் நீளவாட்டில் அமைய வேண்டும். மூலைவாட்டில் வெட்டிய துணி இழுபடும். கழுத்து வளைவுக்கு வைக்கும் பட்டிக்கு அந்தக் குணம் தேவை, மற்ற இடங்களில் அது கேடு. பக்கத் தையல்களுக்கு உட்புறம் தாராளமாகத் துணி விட்டு வைத்தால், உடல் பருத்தாலும் பிரித்துப் பெரிதாக்கலாம். தலையணை உறை, பிறகு உள்பாவாடை, பிறகு குழந்தையின் கவுன், இறுதியாக ரவிக்கை என்பதே கற்பவர்க்கு உகந்த படிமுறை.

தையல் இயந்திரத்தின் நுட்பம் ஊசியின் காதை இடம் மாற்றியதில் இருக்கிறது. கையூசிக்குக் காது தலைப்பில். இயந்திர ஊசிக்கு முனையருகில். நூலுடன் துணியைத் துளைத்து இறங்கும் முனை, கீழே பாபினில் உள்ள நூலோடு கொளுவிக்கொண்டு மேலேறுகிறது. எலியாஸ் ஹோ 1846-ஆம் ஆண்டிலும், ஐசக் சிங்கர் 1851-ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் இதற்குரிய உரிமைகளைப் பெற்றனர். 1930-களில் கல்கத்தாவில் உருவான ‘உஷா’ இயந்திரம் இதை இந்திய வீடுகளின் பொருளாக்கிற்று. இயந்திர மோகத்தை வன்மையாகக் கண்டித்த காந்தியடிகள்கூட, 1924-ஆம் ஆண்டில் மாணவர் ஒருவர் வினவியபோது சிங்கரின் தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார். தன் மனைவி கையால் தைத்துத் துன்புறுவதைக் கண்ட கணவனின் அன்பு அதன் பிறப்புக்குக் காரணம் என்பது அவர் சுட்டிய நியாயம். மனிதனை நீக்கிவிடாமல் மனிதன் கைக்குத் துணைநிற்பது என்பதால் அவர் அதனை ஏற்றார்.

இவ்வளவும் செய்வதால் பணம் மிஞ்சுமா என்று நேயர்கள் கேட்கலாம். தையலில் மிஞ்சும். பின்னலில் பெரும்பாலும் மிஞ்சாது என்பதே நேர்மையான விடை. நல்ல கம்பளி நூலின் விலைக்கே கடையில் முடிந்த ஸ்வெட்டர் ஒன்று கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்த ஸ்வெட்டர் முழங்கையில் நைந்தால் அதன் கதை முடிந்தது. வீட்டில் பின்னியதோ அப்படியன்று. குழந்தை வளர்ந்ததும் அதைப் பிரித்து, நூலைச் சிட்டமாகச் சுற்றி, வெதுவெதுப்பான நீரில் நனைத்து, சிறு கனம் கட்டித் தொங்கவிட்டால் நெளிவு நீங்கிப் புதுநூல் போலாகும். மூத்தவனின் முழு ஸ்வெட்டர், புதிதாக ஓர் உருண்டை நூல் சேர்ந்து, இளையவளின் கோடு போட்ட ஸ்வெட்டராகும்; மிச்சம் குல்லாயாகும். ஒரு பொருளை ஆக்கத் தெரிந்தவர்க்கே அதைச் சீராக்கவும் தெரியும். தன் கையால் காஜா எடுத்தவர் தையற்காரரின் கூலியில் பேரம் பேசுமுன் சற்றே தயங்குவார். இந்த அறிவைப் பணக்கணக்கில் எழுத இயலாது.

இன்று கவலைக்குரியது ஒன்றே. நம் பாட்டிமார்க்குப் பின்னல் தெரியாது. நம் தாய்மார் அண்டை வீட்டு முற்றத்தில் கற்றார்கள். நம் பிள்ளைகள் கடையில் வாங்குகிறார்கள். ஒரு தலைமுறையில் வந்த கலை அடுத்த தலைமுறையிலேயே போய்விடும் நிலை. அந்த முற்றங்கள் பல இடங்களில் அடுக்குமாடிகளாகிவிட்டன. கைப்பேசியில் ஆயிரம் விளக்கப் படங்கள் உண்டு, அவை பயனுள்ளவையே. எனினும், நழுவிய கண்ணியைப் பார்த்ததும் அருகிலிருந்து கை நீட்டிப் பிடித்துக் கொடுக்கும் ஒருவரின் இடத்தை அவை நிரப்புவதில்லை.

தையல் என்னும் சொல்லுக்குத் தமிழில் பெண் என்னும் பொருளும் உண்டு. அதனால் இக்கலை பெண்ணுக்கே உரியது என்று எண்ணிவிட வேண்டாம். பொத்தான் அறுந்த சட்டையோடு வெளியூர் விடுதியில் நிற்கும் மகனுக்கும் ஊசி வேண்டும். இந்தக் குளிர்காலத்தில் உங்கள் வீட்டில் பின்னத் தெரிந்த தாயாரோ மாமியோ இருப்பாராயின், ஒரு ஜோடி ஊசியும் ஓர் உருண்டை நூலும் வாங்கி அவர் கையில் கொடுங்கள். மற்றொரு ஜோடியை வீட்டுப் பிள்ளையின் கையில் கொடுத்து அவர் பக்கத்தில் அமர்த்துங்கள். நாற்பது கண்ணிகள் ஏற்றி, முதல் வரிசையைத் தொடங்கிவைத்தால் போதும்.