போன் உடைந்தாலும் சாட்சி உடையக் கூடாது

(ஆரம்பாக்கத்தில் படிப்பகம் ஒன்றில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



என்ன தலைப்பில் பேசப்போகிறீர்கள் என்று தோழர் போனில் கேட்டார். “போன் பேக்கப்” என்றேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு, “அதை செல்போன் கடைத் தம்பியே சொல்லிடுவாரே தோழர்” என்றார். உண்மைதான். ஆனால் கடைத் தம்பி சொல்லாத ஒன்று இதில் இருக்கிறது. அதை நான் ஒரு தோல்வியிலிருந்து கற்றுக்கொண்டேன்.

ஒப்பந்தத் தொழிலாளர்களிடையே சாதி எப்படி வேலை செய்கிறது என்பதுதான் என் ஆய்வு. அதற்காக இந்தக் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் பலரைச் சந்தித்தேன். அவர்களில் ஒரு தம்பி, தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை பார்த்தவர். ஷிப்ட் சொல்வதற்காக வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில், மேற்பார்வையாளர் சாதிப் பெயரைச் சொல்லி அவரைத் திட்டி வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார். அதை என்னிடம் போட்டுக் காட்டினார். கேட்டேன். “பத்திரமா வச்சுக்கோ தம்பி, புகார் கொடுக்கலாம்” என்றேன். எப்படிப் பத்திரமாக வைப்பது என்று சொல்லவில்லை. ஒரு பிரதி வாங்கிக்கொள்ளவும் இல்லை.

புகார் கொடுக்க அவர் மனதைத் தேற்றிக்கொள்வதற்குச் சில மாதங்கள் ஆயின. அதற்குள் மழையில் நனைந்து போன் அணைந்துவிட்டது. பழுது பார்த்த இடத்தில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல் ஆக்கிக் கொடுத்தார்கள். வாட்ஸ்அப்பைத் திரும்பப் போட்டபோது பழைய உரையாடல் எதுவும் வரவில்லை. காரணம் எளிது. போன் வாங்கிய அன்று கடையில் அவசரத்துக்கு ஒரு ஜிமெயில் ஐடி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பேக்கப் இருந்திருந்தால் அந்த ஐடியில்தான் இருந்திருக்கும். அந்த ஐடியும் தெரியாது, கடவுச்சொல்லும் தெரியாது. குழுவில் இருந்த மற்றவர்களைக் கேட்டோம். சிலர் அழித்துவிட்டிருந்தார்கள். வைத்திருந்தவர்கள் தரப் பயந்தார்கள். புகாரே கொடுக்கப்படவில்லை.

என்னுடைய ஆய்வுப் பதிவுகள் அப்போது மூன்று இடங்களில் இருந்தன. போனில், மடிக்கணினியில், நண்பர் வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்கில். முனைவர் பட்டத்துக்கு ஆபத்து வந்துவிடக்கூடாது அல்லவா? அந்தத் தம்பியின் வழக்கு மட்டும் ஒரே ஒரு போனில் இருந்தது. இந்த வித்தியாசம்தான் என்னை இங்கே பேச வைத்திருக்கிறது.

நம் மக்களிடம் காகிதம் எப்போதும் குறைவு. வேலைக்குச் சேர்ந்ததற்குக் கடிதம் கிடையாது. சம்பளச் சீட்டு கிடையாது. கேட் பாஸை வேலை முடிந்ததும் பிடுங்கிக்கொள்வார்கள். கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பத்துக்கு, 1976 சட்டத்தின்படி தரப்படும் விடுதலைச் சான்றிதழ்தான் மறுவாழ்வு உதவிக்கான ஆதாரம். அந்தத் தாள் ஒரு குடிசையில், ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்த மாவட்டத்தில் தண்ணீர் எத்தனை வீடுகளுக்குள் வந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்று அந்தக் காகிதங்களின் போட்டோ, மேஸ்திரி அனுப்பிய கணக்கு, வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தி, வசவு, மிரட்டல் எல்லாம் போனில்தான் இருக்கின்றன. நம்மில் பலருக்கு அதுதான் பத்திரப் பெட்டி.

பிரதி எடுத்து வைப்பது நமக்குப் புதிய வேலையும் அல்ல. 1907 ஜூன் 19 அன்று அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். 1914இல் அவர் மறைந்தார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் பொதுவெளியில் அவர் பேசப்படவே இல்லை. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ வெளிவந்தபோது தமிழ் அறிவுலகம் திரும்பிப் பார்த்தது. அந்தத் தொகுப்பு எப்படிச் சாத்தியமானது? அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களை வீட்டில் பாதுகாத்து வைத்திருந்தார்கள். எந்த அரசும் சொல்லி அவர்கள் அதைச் செய்யவில்லை. 1869 முதல் நம்மவர்கள் நடத்திய எத்தனையோ இதழ்கள் இன்று வெறும் பெயராக மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. எழுதியவர்கள் இருந்தார்கள், படித்தவர்களும் இருந்தார்கள். பிரதிதான் மிஞ்சவில்லை.

அதனால் பேக்கப்பை போன் சமாச்சாரமாக மட்டும் பார்க்காதீர்கள். அது நம் இயக்க வேலை.

சரி, என்ன செய்ய வேண்டும்?

முதலில், உங்கள் போனில் இருக்கும் ஜிமெயில் ஐடி யாருடையது என்று பாருங்கள். கடவுச்சொல் உங்களுக்குத் தெரியுமா? மீட்பு எண்ணாக உங்கள் எண் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே உங்களுக்கென்று ஒன்று தொடங்குங்கள். கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வையுங்கள். சிம்மையும் விட்டுவிடாதீர்கள். வாட்ஸ்அப் திரும்ப வரவேண்டுமானால் அதே எண்ணும் அதே கூகுள் கணக்கும் வேண்டும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் நாளைக்கு வேறொருவருக்குப் போய்விடும்.

இரண்டாவது, கூகுள் இலவசமாகத் தரும் இடம் 15 ஜிபி. மெயில், டிரைவ், போட்டோ எல்லாவற்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். நிறைந்துவிட்டால் பேக்கப் நின்றுவிடும். நின்றதை நாம் கவனிக்க மாட்டோம். போனை 57 நாட்கள் பயன்படுத்தாமல் வைத்தால் அதன் ஆண்ட்ராய்டு பேக்கப் அழிக்கப்படலாம். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படத்தை அந்தச் செயலியில் அழித்தால் மேலே இருப்பதும் சேர்ந்து அழியும். 60 நாட்கள் குப்பைத்தொட்டியில் இருக்கும், அப்புறம் போய்விடும்.

மூன்றாவது, முக்கியமானவற்றுக்கு மூன்று பிரதிகள். போனில் ஒன்று, மெமரி கார்டிலோ பென் டிரைவிலோ ஒன்று, நீங்கள் நம்பும் தோழரின் வீட்டில் ஒன்று. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் தரம் குறையும், எடுத்த நேரமும் இடமும் பற்றிய விவரம் போய்விடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள்.

நான்காவது, பேக்கப் எடுத்ததோடு நிற்காதீர்கள், ரீஸ்டோர் ஆகிறதா என்று சோதியுங்கள். திரும்ப வராத பேக்கப் இருந்தும் பயனில்லை. வாட்ஸ்அப்பைப் புதிதாகப் போடும்போது ‘ரீஸ்டோர்’ ஒருமுறைதான் கேட்கும். அவசரத்தில் ‘ஸ்கிப்’ அழுத்திவிட்டு, அடுத்த பேக்கப்பும் ஓடிவிட்டால், பழையதன் மேல் புதியது ஏறிவிடும். எனவே போனைப் பழுது பார்க்கக் கொடுக்கும் முன் பேக்கப் எடுங்கள். எடுக்க முடியாத நிலையில் இருந்தால், “எதையும் அழிக்காதீங்க அண்ணே” என்று கடையில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 3(1)இல் ‘ஆர்’, ‘எஸ்’ உட்பிரிவுகள், பொதுமக்கள் பார்வையில் சாதியை வைத்து இழிவுபடுத்துவதைக் குற்றம் என்கின்றன. அதை நிரூபிக்க ஒலிப்பதிவு உதவும். ஆனால் மூலமும் நகலும் நீதிமன்றத்தில் ஒன்றல்ல. பதிவான கருவியை அதன் உரிமையாளரே கொண்டுவந்து காட்டினால் அது மூல ஆவணம். நகல் கொடுத்தால் சான்றிதழ் கட்டாயம் என்று அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் 2020 ஜூலையில் உச்சநீதிமன்றம் சொன்னது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு அது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்‌ஷ்ய அதினியத்தின் 63ஆவது பிரிவு. இப்போது அந்தச் சான்றிதழில் தரப்பினர் ஒரு பகுதியும் நிபுணர் ஒரு பகுதியும் நிரப்ப வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு நொடி ஒலியை வெட்டினாலும் மாறிவிடும்.

ஆகவே உடைந்த போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். பதிவை வெட்டாதீர்கள், ஒட்டாதீர்கள், பாட்டுப் போட்டு ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். பிரதி என்பது மூலம் தொலைந்தால் கைகொடுக்க. மூலத்தைத் தூக்கிப்போட அது அனுமதி அல்ல.

ஒரு பதிவுக்கு என்ன பலம் என்று கோகுல்ராஜ் வழக்கில் பார்த்தோம். 2015 ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்து அவர் கடத்திக் கொல்லப்பட்டார். முக்கிய சாட்சி பிறழ் சாட்சியானார். கோயிலின் கண்காணிப்புக் கேமரா பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மனிதர்களை மிரட்டலாம், விலைக்கு வாங்கலாம். பத்திரமாக எடுத்து வைத்த பதிவை அப்படிச் செய்வது கடினம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. பேக்கப் நம்மைக் காட்டியும் கொடுக்கும். சாதி மறுத்துக் காதலிக்கிற தோழி ஒருவரின் கூகுள் கணக்கு அண்ணன் போனிலும் திறந்திருந்தால், அவருடைய ஒவ்வொரு படமும் அங்கே போய் நிற்கும். உங்கள் கணக்கு எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்று பாருங்கள். தெரியாததை வெளியேற்றுங்கள். வாட்ஸ்அப் பேக்கப்புக்குத் தனிக் கடவுச்சொல் போடும் வசதி 2021 முதல் இருக்கிறது. அதை மறந்தால் வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது. யாருக்கு எது ஆபத்து என்று அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும். மற்றவர் பதிவை அவர் சம்மதமில்லாமல் பரப்பாதீர்கள். பாதுகாப்பது வேறு, பரப்புவது வேறு.

அந்தத் தம்பி இப்போது வேறு வேலையில் இருக்கிறார். சென்ற மாதம் பேசினேன். இந்தப் பேச்சில் அவர் கதையைச் சொல்லலாமா என்று கேட்டேன். “பேர் வேணாம் அண்ணே, நடந்ததைச் சொல்லுங்க. வேற ஒருத்தருக்காவது மிஞ்சட்டும்” என்றார்.

இனி டீ வரும். அது வருவதற்குள் எல்லோரும் போனை எடுங்கள். முதலில் அந்த ஜிமெயில் ஐடி யாருடையது என்று பார்ப்போம். தெரியாதவர்கள் கையைத் தூக்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் உங்களிடம் வருகிறேன்.

ஜெய்பீம்.