பழுதறியும் கணக்கு: ஆழ்துளைக் கிணறு முதல் ஒகேனக்கல் வரை

பழுது எங்கே என்று கண்டறிவதில் நிகழ்தகவு எப்படித் துணைநிற்கிறது என்பதே இன்றைய பொருள். தருமபுரி மண்ணில் இதைப் பேச வேண்டிய தேவை அதிகம். இங்கே தண்ணீர் வருவதே மோட்டாரை நம்பித்தான்.

ஒரே அளவு, இரண்டு முடிவுகள்

ஆழ்துளைக் கிணற்றில் சுவிட்சைப் போட்டால் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. மெக்கானிக் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்க்கிறார். மூன்று பேஸிலும் ஆம்பியர் வழக்கத்தைவிடச் சீராகக் குறைந்திருக்கிறது. மோட்டாருக்கு வழக்கமான சுமை இல்லை என்பது இதன் பொருள். நீர்மட்டம் பம்புக்குக் கீழே போயிருக்கலாம். கப்ளிங் உடைந்தோ இம்பெல்லர் தேய்ந்தோ இருக்கலாம்.

சித்திரை மாதத்தில் இப்படித் தண்ணீர் ஏறாத நூறு பழுதுகள் என்று வைத்துக்கொள்வோம். 50 நீர்மட்டத்தால் வந்தவை. 30 பம்புக் கோளாறு. 20 மின்சாரக் கோளாறு. நீர்மட்டம் இறங்கிய 50இல் 45 முறை ஆம்பியர் குறையும். பம்புக் கோளாறு 30இல் 5 முறை குறையும். மின்சாரக் கோளாறில் இப்படிச் சீராகக் குறையாது என்று கொள்வோம். ஆக, இந்த அளவைக் காட்டும் 50 பழுதுகளில் 45க்கு நீர்மட்டமே காரணம்: நூற்றுக்குத் தொண்ணூறு.

மழைக்குப் பின், கார்த்திகையில், அதே நூறில் நீர்மட்டப் பழுது 10, பம்புக் கோளாறு 60 என்றால்? அதே விகிதப்படி 9 முறையும் 10 முறையும் ஆம்பியர் குறையும். 19இல் 9, அதாவது பாதிகூட இல்லை. மீட்டர் காட்டியது ஒன்றுதான், முடிவு மாறிவிட்டது. தாமஸ் பேய்ஸ் மறைந்த பின் 1763இல் அச்சேறிய கட்டுரையின் சாரம் இதுதான்: புதிய சான்றை முன்னறிவோடு சேர்த்தே எடைபோட வேண்டும். பல காரணங்களும் பல அறிகுறிகளும் பின்னிக் கிடக்கும் பெரிய இயந்திரங்களுக்கு இதை வலைப்பின்னலாக விரித்தவர் ஜூடியா பேர்ல்; அவருடைய நூல் 1988இல் வந்தது.

இதில் பணமும் இருக்கிறது. கிணற்றிலிருந்து மோட்டாரை ஏற்றி இறக்குவது பெருஞ்செலவு. கயிறு விட்டு நீர்மட்டம் பார்ப்பதற்குச் செலவே இல்லை. ஐயத்தை அதிகம் குறைக்கும் மலிவான சோதனையை முதலில் செய்வதே அறிவுடைமை.

தொடரும் துணையும்

இனி ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்துக்கு வருவோம். நம் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீர் இல்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதை மீறிய நீரைத் தொடர்ந்து குடித்தால் பல் கறைபடும், எலும்பும் பாதிக்கப்படும். அதற்கு மாற்றாகத்தான், ஜப்பானியக் கடனுதவியுடன், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்தது.

ஆற்றிலிருந்து குழாயடி வரை தண்ணீர் பல நிலைகளைக் கடக்கிறது. பத்து நிலைகள், ஒவ்வொன்றும் மற்றவற்றைச் சாராமல் நூற்றுக்கு 99 நேரம் இயங்கும் என்று கொண்டால், அனைத்தும் ஒருங்கே இயங்குவது ஏறத்தாழ 90 விழுக்காடுதான். ஆண்டுக்கு ஏறக்குறைய 35 நாட்களுக்குரிய தடை. தடைபட்ட நாளில் மக்கள் பழைய ஆழ்துளைக் கிணற்றுக்கே திரும்புவார்கள். ஆகவே இங்கே நம்பகத்தன்மை உடல்நலத்தின் கேள்வி.

துணை பம்பு வைத்தால் போதாதா? பத்தில் ஒரு முறை பழுதாகும் பம்புகள் இரண்டும் ஒரே நேரத்தில் நிற்பது நூற்றில் ஒன்று என்று கணக்குச் சொல்லும். ஒன்றின் பழுது மற்றொன்றைத் தொடாதபோது மட்டுமே அது சரி. இரண்டுக்கும் ஒரே மின்தடம் என்றால் அந்தத் தடம் அறுந்ததும் இரண்டும் சேர்ந்தே நிற்கும்.

நாம் செய்ய வேண்டியது

இத்தனை கணக்குக்கும் மூலதனம் பழைய பழுதுகளின் எண்ணிக்கை. நான் வைத்துக்கொண்டது கற்பனை எண்கள். உண்மை எண்கள் மெக்கானிக்குகளின் நினைவில் இருக்கின்றன. அவர்கள் தொழிலை விட்டால் அவையும் போய்விடும். ஆதலால் ஊராட்சி தோறும் நீரேற்றும் இடத்தில் ஒரு பதிவேடு வையுங்கள்: நாள், அறிகுறி, மீட்டர் அளவு, கடைசியில் கண்ட பழுது. நான்கே பத்திகள் போதும். செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரி மாணவர்கள் பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் அரூரிலும் அவற்றைத் தொகுக்கட்டும். மெக்கானிக்கின் அனுபவத்துக்கு அவர்கள் செய்யும் மரியாதையும் அதுவே. ஐந்தாண்டுப் பதிவு கையில் இருந்தால், எந்த மாதத்தில் எந்த உதிரிபாகத்தைக் கையிருப்பில் வைக்க வேண்டும் என்பதை ஊரே முடிவு செய்யலாம்.