ஹாங்சோவிலிருந்து ஓர் எடுபிடி

இணையத்தில் புடவையோ ஊறுகாயோ விற்கிறவர்களைக் கேட்டால், ஏஐ என்றதும் பெரும்பாலும் சாட்ஜிபிடி பெயரைத்தான் சொல்கிறார்கள். ஜெர்மனியின் கொலோன் நகரத்து டீப்எல் 2017 முதல் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. பாரிஸில் மிஸ்ட்ரால் என்ற ஏஐ நிறுவனம் இருக்கிறது. நம் கடைக்காரர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பது குறைவு.

சீனத்து டீப்சீக்கின் கதை வேறு. பெயர் தெரியும், தொடத்தான் தயக்கம். ஹாங்சோ நகரில் 2023இல் லியாங் வென்ஃபெங் தொடங்கிய நிறுவனம் இது. 2025 ஜனவரி 20 அன்று ஆர்1 என்ற ஏஐ மாதிரியை வெளியிட்டது. அதன் எதிரொலியாக, அடுத்த திங்கட்கிழமை அமெரிக்கப் பங்குச்சந்தையில் சிப் நிறுவனமான என்விடியாவின் மதிப்பு ஒரே நாளில் ஏறக்குறைய 60,000 கோடி டாலர் சரிந்தது. அந்த மாதம் முடிவதற்குள் இத்தாலி டீப்சீக்குக்குத் தடை போட்டது. நம் நிதி அமைச்சகமும் அலுவலகக் கணினிகளில் ஏஐ கருவிகள் வேண்டாம் என்றது. ஆனால் அது பெயர் சொன்ன கருவிகளில் சாட்ஜிபிடியும் இருந்ததைப் பலர் கவனிக்கவில்லை.

பயம் நியாயமானதுதான். ஆனால் அது எதன் மேல் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். டீப்சீக் செயலியில் நீங்கள் தட்டச்சு செய்வது சீனாவில் உள்ள சர்வர்களுக்குப் போகிறது. அவர்களுடைய தனியுரிமைக் கொள்கையே அப்படித்தான் சொல்கிறது. வாடிக்கையாளரின் பெயர், கைப்பேசி எண், கதவு எண் எதையும் அங்கே கொட்டக் கூடாது. மாதிரி என்பது வேறு. ஆர்1 எம்ஐடி என்ற திறந்த உரிமத்தில் வெளிவந்தது. யாரும் இறக்கிக்கொள்ளலாம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். 67,100 கோடி அளவுருக்கள் கொண்ட முழு மாதிரி வீட்டுக் கணினிக்குள் அடங்காது. அதன் சிறிய பதிப்புகளை ஒல்லாமா என்ற இலவச மென்பொருள் வழியே நல்ல மடிக்கணினியிலேயே ஓட்டலாம். இறக்கிய பிறகு இணையத் தொடர்பைத் துண்டித்தாலும் வேலை செய்யும். எழுதியது வீட்டு வாசலைத் தாண்டாது.

அந்தச் சிறிய பதிப்புகளிடம் நயமான தமிழ் விளம்பரத்தை எதிர்பார்க்காதீர்கள். ஆங்கிலத்தில் பொருள் விவரம் எழுத, வந்த புகார்களை வகை பிரிக்க, அவை போதும். தியானன்மென் சதுக்கம் போன்ற, சீன அரசுக்குப் பிடிக்காத விஷயங்களைக் கேட்டால் டீப்சீக் செயலி நழுவிவிடும். முறுக்கு விற்பதற்கு அந்தப் பதில் தேவைப்படாது என்பது என் கணக்கு.

எந்த நாட்டுக் கருவியானாலும் ஒன்று செய்யும்: தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதும். கடலை மிட்டாய்க்கு விவரம் கேட்டால், நீங்கள் போடாத முந்திரியையும் சேர்த்துவிடலாம். அதைவிட ஆபத்து, போட்டதை விட்டுவிடுவது. வாங்குகிறவருக்கு ஒவ்வாமை இருக்கக்கூடும். ஆகவே உட்பொருள் பட்டியலை மட்டும் நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள்.