நான்கு அணுக்களும் ஒரு பட்டுச்சேலையும்

(ஆரணியில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)

நான் வகுப்பில் சொன்ன ஒரு தவறான உதாரணத்திலிருந்து தொடங்குகிறேன்.

'குவாண்டம் பின்னல்' என்றால் என்ன என்று பிளஸ் டூ மாணவி ஒருத்தி கேட்டாள். நான் தயாராக இல்லை. "ஒரு ஜோடிச் செருப்பைப் பிரித்து இரண்டு பெட்டிகளில் வை. ஒன்றில் இடது இருந்தால் மற்றதில் வலது. அதுபோலத்தான்" என்றேன். வகுப்பு தலையாட்டியது. அவள் மட்டும், "இதில் என்ன சார் அதிசயம்?" என்றாள்.

நியாயம்தான். செருப்பு பெட்டிக்குள் போகும்போதே இடதா வலதா என்பது முடிவாகிவிட்டது. துகள்களும் அப்படி விடையை முன்பே சுமந்துகொண்டு, ஒன்றையொன்று பாதிக்காமல் இருந்தால், அவற்றின் அளவீடுகள் ஒத்துப்போவதற்கு ஒரு வரம்பு உண்டு என்று 1964இல் ஜான் பெல் காட்டினார். சோதனைகளில் அந்த வரம்பு உடைந்தது. ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவரும் 2022இல் நோபல் பரிசு பெற்றது இத்தகைய சோதனைகளுக்காகத்தான்.

பிறகு போஸிடமிருந்து தொடங்கினேன். டாக்கா பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்த சத்யேந்திரநாத் போஸ், 1924இல் தம் கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைனே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட்டார். அதன் சாரத்தை இரண்டு காசுகளைக் கொண்டே விளக்கலாம். சுண்டினால் நான்கு விதமாக விழும். ஒன்று பூ, ஒன்று தலை என்பது அதில் இரண்டு விதம். காசுகளுக்குப் பதில் இரண்டு ஒளித்துகள்கள் என்றால், இது எது, அது எது என்ற பேச்சே இல்லை. மொத்தமே மூன்று விதம்தான். இப்படி எண்ணப்படும் துகள்களுக்குத்தான் போசான் என்று பெயர். பிள்ளைகளைச் சுண்டி எண்ணவிடுங்கள். ஒரு பீரியட் போதும்.

2015இல் ஹார்வர்டில் நான்கு ருபீடியம் அணுக்களை, அவையும் போசான்களே, லேசர் ஒளியால் ஆன நான்கு குழிகளில் குழிக்கு ஒன்றாக வைத்தார்கள். குழிகளின் ஆழத்தைக் குறைத்ததும் அணுக்கள் குழிவிட்டுக் குழி தாவின. ஒரே குழியில் சேர்ந்தபோது ஒன்றையொன்று தள்ளின. அளந்து பார்த்தால், நான்கையும் சேர்த்த நிலை தெளிவாக இருந்தது. பாதியை மட்டும் எடுத்தால் தெளிவில்லை. பின்னல் என்பது இதுதான்.

இதைக் கேட்டதும் அதே மாணவி, அவள் வீட்டில் தறி இருக்கிறது, "சேலை மாதிரியா சார்? ஒரு இழையை உருவிப் பார்த்தால் புட்டா தெரியாதே" என்றாள். செருப்பைவிட எவ்வளவோ மேல்! ஆனால் அதுவும் ஓரிடத்தில் அறுகிறது. எந்தப் பாவு இழை எப்போது மேலே எழ வேண்டும் என்பதை ஜக்கார்டு அட்டையின் துளைகள் சொல்லிவிடும். இழை இழையாக அந்தக் கணக்கு இருந்தால் அதே புட்டாவை மறுபடி நெய்துவிடலாம். அந்த நான்கு குழிகளில் ஒவ்வொன்றைப் பற்றியும் தனித்தனியே எல்லாம் தெரிந்தாலும், முழு நிலையைத் திரும்பக் கட்ட முடியாது.

"அப்படியானால் மிச்ச விவரம் எங்கே சார் இருக்கிறது?"

எந்தக் குழியிலும் இல்லை, குழிகளுக்கு இடையிலான உறவில் இருக்கிறது என்றேன். இந்த முறை யாரும் தலையாட்டவில்லை. மணி அடித்த பிறகும் நான்கைந்து பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.