தரிசு என்று யார் சொன்னது?

(டி. கல்லுப்பட்டி கூட்டமைப்புக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)

காற்றாலை என்றால் நமக்கு ஆரல்வாய்மொழி, முப்பந்தல்தான் ஞாபகம் வரும். கரி இல்லை, புகை இல்லை, நல்ல கரண்ட்தான். நாம் அதற்கு விரோதிகள் இல்லை. எங்கே நிறுத்துகிறார்கள் என்பதுதான் கேள்வி.

ஆந்திராவில், அப்போதைய அனந்தபூர் மாவட்டத்தில் கல்பவல்லி என்று ஓர் இடம். மொட்டையாகக் கிடந்த குன்றுகளை 1992 முதல் சுற்றுக் கிராமத்து மக்களே காவல் காத்துக் காடாக்கினார்கள். ஆடு மேய்ந்தது. விறகும் புல்லும் ஈச்ச ஓலையும் கிடைத்தன. ஆனால் வருவாய்த்துறை ஏட்டில் அது வெறும் தரிசு. அந்த ஒரு வார்த்தையால் எனர்கான் கம்பெனியின் 48 காற்றாலைகள் அங்கே வந்துவிட்டன. காற்றாலை நிற்க கொஞ்ச இடம் போதும். ஆனா இறக்கையை ஏற்றி வரும் லாரிக்கு அகலமான ரோடு வேணுமே! குன்றை வெட்டி ரோடு போட்டார்கள். மண் சரிந்து ஓடையில் விழுந்தது. பிறகுதான் சென்னை பசுமைத் தீர்ப்பாயத்துக்கு வழக்குப் போனது.

முன்கூட்டியே மக்களைக் கேட்கக் கூடாதா? 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையில் காற்றாலை சேர்க்கப்படவில்லை. அதனால் அனல்மின் நிலையத்துக்கு நடக்கிற கருத்துக்கேட்புக் கூட்டம் இதற்குக் கிடையாது. நம் ஒன்றியத்து ஊராட்சிகளில் நமக்கு இருப்பது கிராமசபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்தில் ஆறு நாள்.

மேய்ச்சல் நிலமும் ஓடைப் புறம்போக்கும் ஏட்டில் என்ன பெயரில் இருக்கு, சர்வே எண் என்ன என்று வி.ஏ.ஓ.விடம் கேட்டு இப்பவே குறித்து வையுங்கள். கம்பெனி வந்தால் முதலில் ரோட்டு வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஆட்சேபணையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்து, வாசிக்கக் கேட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் மட்டும் வேண்டாம்.