நுண்ணசைவைக் கைவிடாத கணக்கு



தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில் புழங்கும் இந்த எலப்புள்ளி எல்லைப்புறத்தில், பொறியில் அடைபட்ட அயனிகளின் அசைவைக் கணினியில் கணக்கிடுவதைப் பற்றித் தமிழில் பேசக் கூடியிருக்கிறோம். எனக்கு இது பெருமகிழ்ச்சி. இந்த ஆய்வு நமக்கு அந்நியமானதும் அல்ல. கோட்டயத்தை அடுத்த பள்ளத்தில் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்த இயற்பியலாளர் இ.சி.ஜி. சுதர்சன், பைத்யநாத் மிஸ்ராவுடன் சேர்ந்து 1977இல் ஒரு முடிவை வெளியிட்டார். ஒரு குவாண்டம் அமைப்பை இடைவிடாமல் அளந்துகொண்டே இருந்தால் அது நிலைமாறாமல் நின்றுவிடும் என்பதே அந்த முடிவு. 1990இல் அமெரிக்காவில் இயற்பியலாளர் வைன்லேண்டின் குழுவினர் அதைச் சோதித்தது, பொறியில் அடைத்த ஏறத்தாழ 5,000 பெரிலியம் அயனிகளைக் கொண்டுதான்.

மாறாத மின்புலத்தை மட்டும் வைத்து ஒரு மின்துகளை வெற்றிடத்தில் நிலையாக நிறுத்த முடியாது. 1842இலேயே எர்ன்ஷா இதை நிறுவிவிட்டார். ஒரு திசையில் பிடித்தால் இன்னொரு திசையில் நழுவும். வோல்ஃப்காங் பால் மின்புலத்தையே விநாடிக்குப் பல லட்சம் முறை திசைமாற்றி இதைக் கடந்தார். அதற்காக 1989இல் டெமல்ட்டுடன் நோபல் பரிசில் பங்கு பெற்றார். குதிரைச் சேணத்தின் மேல் வைத்த கோலி உருண்டு விழுந்துவிடும். சேணத்தைத் தக்க வேகத்தில் சுழற்றினால் விழாமல் நிற்கும். பொறிக்குள் அயனியும் அப்படித்தான் நிற்கிறது. ஆனால் அதன் அசைவு இரட்டையானது: மெதுவான ஊசலாட்டம் ஒன்று, மின்புலம் மாறும் ஒவ்வொரு முறையும் அதிரும் நுண்ணசைவு இன்னொன்று.

நம் கணக்குச் சிக்கல் இந்த நுண்ணசைவில்தான் தொடங்குகிறது. மின்புலம் 20 மெகாஹெர்ட்ஸில் மாறுவதாகக் கொள்வோம். ஒரு சுற்று 50 நானோ நொடி. அதைப் பிசகாமல் பின்தொடர, கணக்கு 1 நானோ நொடிக்கு ஓர் அடி வீதமாவது நகர வேண்டும். லேசரால் அயனிகள் குளிர்வதைப் பார்க்க ஒரு மில்லி நொடி எடுத்துக்கொண்டாலே 10 லட்சம் அடிகள். ஆயிரம் அயனிகள் இருந்தால், ஒவ்வோர் அடியிலும் 4,99,500 இணைகளுக்கு இடையிலான விலக்குவிசையைக் கணக்கிட வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 50,000 கோடி விசைக் கணக்குகள்.

இதைத் தவிர்க்க ஒரு குறுக்குவழி உண்டு. நுண்ணசைவைச் சராசரியாக்கி, மென்மையான ஒரு கிண்ணம் போன்ற புலத்தை வைத்துக்கொண்டால் அடிகளைப் பெரிதாக்கலாம். அந்தச் சராசரிக்குள் எது மறைந்துபோகிறது என்பதைப் பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்து ரங்வாலா குழுவின் 2012 ஆய்வு எனக்குத் தெளிவாக உணர்த்தியது. சம எடையுள்ள அணுக்களோடு மோதினால் அயனி குளிராது என்பது 1968 முதல் நிலவிய கருத்து. மோதல் நுண்ணசைவின் ஆற்றலை ஊசலாட்டத்துக்கு மாற்றிவிடும் என்பதே காரணம். ரங்வாலா குழுவினரோ ருபிடியம் அயனிகளை ருபிடியம் அணுக்களைக் கொண்டே குளிர்வித்தார்கள். குளிர்ந்த அணுக்கள் பொறியின் நடுவில் மட்டும் திரண்டிருந்தன. அங்கே நுண்ணசைவு மிகக் குறைவு. எந்த இடத்தில் மோதல் நிகழ்கிறது என்பதே அயனி குளிருமா சூடேறுமா என்பதைத் தீர்மானித்தது. நுண்ணசைவைச் சராசரியாக்கிய கணக்கில் இந்த வேறுபாட்டுக்கே இடமில்லை.

ஆகவே, பல செயலிகள் ஒரே நேரத்தில் கணக்கிடும் இணைக்கணிப்பை வெறும் வேகத்துக்கான கருவியாக நான் பார்க்கவில்லை. நுண்ணசைவை விட்டுக்கொடுக்காமல் கணக்கிடும் வசதியை அது நமக்குத் தருகிறது. அதற்கும் எல்லை உண்டு. விசைகளைப் பல செயலிகளுக்குப் பங்கிடலாம். காலத்தை அவ்வளவு எளிதில் பங்கிட முடியாது. முந்தைய அடி முடியாமல் அடுத்த அடி இல்லை. வேலையில் 5 விழுக்காடு வரிசையாகவே நடந்தாக வேண்டுமென்றால், எத்தனை செயலிகளைச் சேர்த்தாலும் வேகம் 20 மடங்கைத் தாண்டாது என்று கணினி வல்லுநர் ஆம்டால் 1967இல் காட்டிய கணக்கு இன்றும் பொய்க்கவில்லை. பத்து அயனிகளை ஆயிரம் செயலிகளுக்குப் பிரித்துக் கொடுத்தால், கணக்கிடுவதைவிடச் செயலிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பவே நேரம் போய்விடும். அங்கே வெவ்வேறு தொடக்க நிலைகளோடு ஆயிரம் தனித்தனி ஓட்டங்களை ஒரே நேரத்தில் நடத்துவதே முறை. லேசர் ஒளித்துகள்களின் உதைப்பு தற்செயலானது என்பதால் பல ஓட்டங்களின் புள்ளிவிவரம் எப்படியும் தேவை.

பக்கத்திலேயே பாலக்காடு ஐஐடி இருக்கிறது. தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் திட்டத்தின் பயிற்சி மையங்கள் அமைந்த நான்கு ஐஐடிகளில் அதுவும் ஒன்று. சுற்றியுள்ள கல்லூரி மாணவர்கள் அந்தக் கதவைத் தட்ட வேண்டும். அதற்கு முன், ஒரு ஜிபியூ அட்டை பொருத்திய சாதாரணக் கணினியிலேயே நூறு அயனிகளை நேர்மையாக ஓட்டிப் பார்க்கலாம்.

கட்டுரை படிக்க வந்திருப்போரிடம் ஒரு வேண்டுகோள். அடியின் அளவு என்ன, தற்செயல் எண்களை ஒவ்வொரு செயலிக்கும் எப்படித் தனித்தனியாக வழங்கினீர்கள், எத்தனை இலக்கத் துல்லியத்தில் கூட்டினீர்கள், நுண்ணசைவை வைத்துக்கொண்டீர்களா நீக்கினீர்களா என்பதைப் படங்களைக் காட்டும் முன்பே சொல்லுங்கள். கேள்விகளும் அங்கிருந்தே எழட்டும். முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைத்து, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.